வாய்க்கால் என்று எழுதியிருந்தால் அது வாய்க்கால்தான்

சென்ற தை மாதம் மூன்று வார விடுப்பில் டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்தபோது, தாம்பரத்துக்குத் தெற்கே அப்பா விட்டுச்சென்ற ஒரு கிரவுண்டு மனையில் அம்மாவுக்குச் சிறியதாக ஒரு வீடு கட்ட முடியுமா என்று விசாரித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது பதினொரு நாளை விழுங்கியது.

முதல் தடை அற்பமானது. பட்டாவை இணையத்தில் பார்க்க ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) கைபேசிக்கு வர வேண்டும். கனடா எண்ணுக்கு அது வரவில்லை. அண்ணன் மகனின் எண்ணைக் கொடுத்ததும் பட்டாவும், சர்வே எண்வாரியாக நில விவரம் சொல்லும் 'அ' பதிவேடும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் ஒரே மாலையில் கிடைத்துவிட்டன. இந்தச் சேவையைக் குறைசொல்ல மாட்டேன். அப்பா காலத்தில் இவற்றுக்காக மாதக்கணக்கில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் அந்தத் தாள்களைப் படித்தபோதுதான் தொடங்கியது. 'அ' பதிவேட்டில் எங்கள் சர்வே எண் 'நஞ்சை' என்றிருந்தது. அதே எண், 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் 'முதன்மைக் குடியிருப்பு' என்றிருந்தது. விண்ணப்பம் பற்றி விசாரித்த ஓர் அலுவலகத்தில், நஞ்சை என்பதால் வேளாண் நிலத்தை மாற்றும் அனுமதி வாங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த அனுமதி, திட்டம் எதற்கும் உட்படாத பகுதிகளுக்கு உரியது. பெருநகரத் திட்டத்துக்குள் குடியிருப்பு என்று வகுக்கப்பட்ட மனைக்கு அது தேவையில்லை. நஞ்சை என்பது பாசனத்தையும் தீர்வையையும் வைத்து வருவாய்த்துறை இட்ட பெயர். குடியிருப்பு என்பது இனி அங்கே என்ன செய்யலாம் என்று திட்டம் இட்ட பெயர். இதை எனக்கு விளக்கியவர் வேறோர் அலுவலகத்தின் எழுத்தர். அதற்குள் நான்கு நாட்கள் போய்விட்டன.

ஆனால் அவரே இன்னொன்றையும் காட்டினார். மனையின் பின்புறம், எங்கள் தெருப்பிள்ளைகள் சாக்கடை என்று சொல்லும் முட்புதர்ப் பள்ளத்துக்குத் தனி சர்வே எண் இருக்கிறது. பதிவேட்டில் அது 'வாய்க்கால் புறம்போக்கு', அதாவது வாய்க்காலுக்கென விடப்பட்ட அரசு நிலம். மேற்கே இருந்த தாங்கல் என்ற சிற்றேரியின் உபரிநீர் போன வழி அது. தாங்கலின் பெயர் இன்று ஒரு பேருந்து நிறுத்தத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அளக்க வந்த சர்வேயர், புலப்படத்தை வண்டி இருக்கையின் மேல் விரித்து, இரண்டு இணைகோடுகளின் மேல் விரலை வைத்துச் சொன்னார்: "படத்துல இப்படி ரெண்டு கோடு போட்டிருந்தா வாய்க்கால்தான் சார், தண்ணி வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தாலும்." புதரை வெட்டச் சொல்லி நாடாவைப் பிடித்தபோது, எங்கள் பின்சுவர் மூன்றடி புறம்போக்குக்குள் நின்றது. கட்டியவர் அப்பாதான்.

ஆகவே திட்டம் 'குடியிருப்பு' என்று சொன்னாலும், வாய்க்காலை ஒட்டிய மனை என்பதால் வெள்ளநீர் தேங்குமா என்பது பற்றி நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும் என்றார்கள். அது நியாயமே. நான் குடியிருக்கும் ஊரில், 1954-இல் ஹேசல் புயலின் வெள்ளம் ஆற்றோர வீடுகளை அடித்துக்கொண்டு போன பிறகுதான் வெள்ளச் சமவெளியில் கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது.

எனக்கு உறுத்துவது வரையறைகளின் ஓட்டைகள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் இயற்றப்பட்ட 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 'ஏரி' என்றால் பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரி. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைவான ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. எனவே எங்கள் தாங்கலைப் போன்றவை கண்ணுக்கு ஏரியாக இருந்தபோதும் அந்தச் சட்டத்துக்கு ஏரியாக இருந்திருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வயல்வாய்க்காலின் நிலை இன்னும் மோசம். அதற்குத் தனி எண் இல்லை, புலப்படத்தில் ஒரு கோடு இருந்தால் உண்டு. மனைப்பிரிவு போடுகிறவர் அதைத் தூர்த்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

பின்சுவரை இடிக்க மேஸ்திரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சான்றுக்கான விண்ணப்பம் அண்ணன் மகனின் பொறுப்பில் இருக்கிறது. "மூணடி போனா துளசி மாடத்தை எங்கே வைக்கிறது?" என்று அம்மா இன்னமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.