ஓட்டத் திறமைக்குக் கல்லூரி இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர்கள்: பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நியூ ஜெர்சியில் பள்ளி அணிக்காகக் கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளமான திறந்தவெளியில் நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெடுந்தூர ஓட்டத்தைக் காட்டி ஐவி லீக் கல்லூரிகளிலும் (ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள்) அவற்றுக்கு இணையான கல்லூரிகளிலும் இடம் பெற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் 4,800 டாலர் கட்டினோம். பணம் போனது ஒருபுறம் இருக்க, என் மகனுக்கு உண்மையாகவே கனிந்துவந்த ஒரு வாய்ப்பும் அவர்களால் கெட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வியாபாரத்தை வேறு பெயர்களில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய அறிமுகக் கூட்டத்தின் மையம் ஒரே ஓர் எண். ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிரான வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, விளையாட்டுக்காகத் தெரிவு செய்யப்பட்ட விண்ணப்பதாரர்களில் 86 சதவீதம் பேருக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. எண் உண்மையானதுதான். ஆனால் அந்த 86 சதவீதம், கல்லூரி அணியின் பயிற்சியாளர் முன்கூட்டியே சலித்தெடுத்து, மதிப்பெண்களையும் பார்த்து, தமது பட்டியலில் சேர்த்துச் சேர்க்கை அலுவலகத்திடம் கொடுத்த பெயர்களைப் பற்றியது. பட்டியலில் இல்லாத மாணவனுக்குக் கிராஸ் கன்ட்ரி என்பது பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் நிரப்பக்கூடிய பத்துச் செயல்பாடுகளில் ஒன்று மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கூட்டத்தில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. "நம்ம பிள்ளைங்க ஓடுறதுக்கு மதிப்பு இருக்கு அண்ணா, அதை விற்கத்தான் நமக்குத் தெரியலை" என்று அந்த ஆலோசகர் உருக்கமாகப் பேசினார்.

பயிற்சியாளரின் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இத்தகைய தரகுக்கு அங்கே இடமே இல்லை என்பது விளங்கும். கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1இன் பயிற்சியாளர்கள், மாணவன் 10ஆம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 முதல் அவனுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். இப்பிரிவில் உள்ள ஐவி லீக் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. மாறாக, மதிப்பெண் தகுதியும் ஓட்ட நேரமும் ஒருசேரப் பொருந்தும் சிலருக்குப் பயிற்சியாளர் ஆதரவு தருகிறார், அவர்களில் பலருக்கு அக்டோபர் முதல் சேர்க்கை அலுவலகமே 'லைக்லி லெட்டர்' (இடம் பெரும்பாலும் உறுதி என்று முன்கூட்டியே சொல்லும் கடிதம்) அனுப்புகிறது. விளையாட்டு உதவித்தொகை இல்லாத பிரிவான டிவிஷன் 3இல் உள்ள வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகளில் 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில், ஜூலை மாதத்திலிருந்து, 'ப்ரீ-ரீட்' எனப்படும் முன்மதிப்பீடு நடக்கிறது: பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, இவனுக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டுக்கொள்கிறார். எம்.ஐ.டி.யில் பயிற்சியாளர் பரிந்துரைக்கலாம், ஆனால் அவர் கையில் ஒதுக்கீடு எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கடிகாரம்தான். கால்பந்திலோ கூடைப்பந்திலோ ஆட்டக் காணொளிக்கு ஒரு பொருள் உண்டு. 3200 மீட்டர் ஓட்டத்துக்குக் காணொளி எதற்கு? அதற்கென்று எங்களிடம் தனியாக 900 டாலர் வாங்கினார்கள். பள்ளி ஓட்டக்காரர்களின் நேரங்கள் அத்லெட்டிக்.நெட், மைல்ஸ்பிளிட் ஆகிய தளங்களில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. எங்கள் மாநிலப் போட்டிகள் நடக்கும் ஹோம்டெல் பூங்காவின் ஏற்றங்களில் எடுத்த நேரத்தையும் சமதளப் பாதையில் எடுத்த நேரத்தையும் நேரடியாக ஒப்பிட முடியாது என்று பயிற்சியாளர்களுக்குத் தெரியும்; அதனால்தான் அவர்கள் டிராக் (ஓடுதள) நேரங்களையே பெரிதும் நம்புகிறார்கள். ஐவி அணிகள் 3200 மீட்டரில் ஆண்களிடம் 9 நிமிடத்தை ஒட்டிய நேரத்தை எதிர்பார்க்கின்றன. என் மகனின் சிறந்த நேரம் 9 நிமிடம் 34 விநாடி. நல்ல டிவிஷன் 3 அணி ஒன்று அக்கறையோடு பார்க்கக்கூடிய நேரம் அது. ஆனால் நிறுவனம் தயாரித்த அறிமுகத் தாளில் அது 9 நிமிடம் 19 விநாடி என்று அச்சாகியிருந்தது. எங்களிடம் காட்டாமலே அதைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மகனின் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கடிதப் போக்குவரத்து 'தொழில்முறையில்' இருக்க வேண்டுமாம். மாசசூசெட்ஸில் உள்ள ஒரு டிவிஷன் 3 கல்லூரியின் பயிற்சியாளர், முன்மதிப்பீட்டுக்காக மதிப்பெண் பட்டியலையும் 12ஆம் வகுப்புப் பாடங்களின் விவரத்தையும் கேட்டு அந்த முகவரிக்கு ஜூலையிலேயே எழுதியிருந்தார். எங்களுக்கு அது தெரியவந்தது செப்டம்பரில். மகன் தன் சொந்த முகவரியிலிருந்து உடனே எழுதினான். பயிற்சியாளர் மரியாதையாகவே பதில் எழுதினார்: அந்த ஆண்டுக்கான ஆதரவுப் பட்டியல் முடிந்துவிட்டது, தவிர, அனுப்பப்பட்ட தாளில் உள்ள நேரம் இணையத்தில் உள்ள முடிவோடு பொருந்தவில்லை. பதினேழு வயதுப் பையன், தான் எழுதாத ஒரு பொய்க்காக விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

போலி விளையாட்டு விவரங்களைத் தயாரித்து அமெரிக்காவையே உலுக்கிய ரிக் சிங்கரின் மோசடி 2019இல் வெளிவந்து, 2023இல் அவருக்கு 42 மாதச் சிறைத் தண்டனை கிடைத்த பிறகும், இப்படி ஒரு தாளைத் துணிந்து அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது: உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால் அதில் ஒரு பங்கு 'வெற்றிக் கட்டணம்'. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிகளின்படி ஆலோசனைச் சேவைக்குக் கட்டணம் செலுத்தலாம். ஆனால் உதவித்தொகையுடன் ஒரு கல்லூரியில் சேர்த்துவிடுவதைப் பொறுத்து அக்கட்டணம் அமையக் கூடாது. அப்படிக் கொடுத்தால் மாணவனின் போட்டித் தகுதிக்கே ஆபத்து. கையெழுத்திடுமுன் இந்த ஒரு விதியையாவது தேடிப் பாருங்கள்.

கல்லூரி அணிகளின் இணையப் பக்கங்களிலேயே 'ரெக்ரூட்டிங் கேள்விப் படிவம்' இருக்கிறது, கட்டணம் கிடையாது. 1600, 3200 மீட்டர் நேரங்கள், மதிப்பெண் சராசரி, முடிவுகள் உள்ள பக்கத்தின் இணைப்பு, பள்ளிப் பயிற்சியாளரின் தொடர்பு ஆகியவற்றோடு பிள்ளையே தன் முகவரியிலிருந்து பத்து வரி எழுதினால் போதும். அதை 11ஆம் வகுப்பு முடிவதற்குள் எழுத வேண்டும். எங்கள் ஆலோசகர் 'இலையுதிர்காலப் பருவ முடிவுகள் வரட்டும்' என்று சொன்னது அப்பட்டமான தவறான அறிவுரை. பயிற்சியாளர் ஆதரவு தருவதாகச் சொன்னால், அது முழு ஆதரவா, முன்மதிப்பீடு முடிந்ததா, ஏர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதியளித்து முன்கூட்டி விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பிக்க வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் இக்கேள்விகளுக்குப் பழகியவர்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காணொளிக்காகக் கட்டிய 900 டாலரைக் கிரெடிட் கார்டு நிறுவனம் திருப்பித் தந்துவிட்டது. மீதித் தொகைக்காக நியூ ஜெர்சி நுகர்வோர் நலப் பிரிவில் புகார் அளித்திருக்கிறோம். இதே போன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், அனுப்பப்பட்ட அறிமுகத் தாளின் நகலையும் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லையும் இன்றே எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை மூடிவிட்டால் பிறகு சான்று எதுவும் கிடைக்காது.