எங்கள் பெண்கள் பள்ளியின் கவர்னர்கள்: ஐந்துக்கு மூன்றரை

இங்கிலாந்தில் மகளுக்குத் தனியார் பெண்கள் பள்ளி தேடும் நம்மவர்கள் எதையெல்லாமோ விசாரிக்கிறார்கள். ஏ லெவல் (இங்கத்து ப்ளஸ் டூ) ரிசல்ட் எப்படி, ஆக்ஸ்ஃபோர்டுக்கு எத்தனை பேர் போனார்கள், நீச்சல் குளம் உண்டா, மதியம் சைவச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்குமா. கவர்னர்கள், அதாவது பள்ளியின் நிர்வாகக் குழுவினர், யார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஃபீஸ் எவ்வளவு என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். தலைமையாசிரியையை வேலைக்கு எடுப்பதும், தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள்தான். என் மகள் இயர் செவனில், அதாவது பதினோரு வயதில், சேர்ந்தவள், இப்போது ஏ லெவல் படிக்கிறாள். டர்ம் தவறாமல் பணம் கட்டுகிறவள் என்ற முறையில் இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

முதலில் இவர்கள் யார் என்பது. தலைவி ஓய்வுபெற்ற வழக்கறிஞர், இதே பள்ளியில் படித்தவர். ஒரு வங்கிக்காரர், ஒரு கட்டட சர்வேயர், ஒரு குடும்ப மருத்துவர், ஒரு பாதிரியார், ஐடி துறையிலிருந்து ஒருவர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இன்னும் சிலர். யாருக்கும் சம்பளம் கிடையாது. சட்டப்படி இவர்கள் பள்ளி அறக்கட்டளையின் டிரஸ்டிகள். பள்ளி நொடித்துப் போனாலும், பிள்ளைகளின் பாதுகாப்பில் கோட்டை விட்டாலும், கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள். ஊரில் நமக்குப் பழக்கமான தாளாளர் கதை வேறு. நிலம் அவருடையது, கட்டடம் அவருடையது, ஆண்டு விழாவில் பொன்னாடை அவருக்கு, அடுத்த தாளாளர் பெரும்பாலும் அவர் மகன். இங்கே இந்த மாதிரிப் பள்ளி எவருக்கும் சொந்தமில்லை. (லாபத்துக்குக் கம்பெனிகள் நடத்தும் தனியார் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நான் எழுதுவது பொருந்தாது.)

பெண்கள் பள்ளிகளில் இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். ஃபிரான்சிஸ் மேரி பஸ் 1850-இல் தொடங்கிய நார்த் லண்டன் காலேஜியேட் முதலில் அவருடைய சொந்தப் பள்ளி. 1870களின் தொடக்கத்தில் அவரே அதை அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். 1872-இல் எமிலி ஷிரெஃப், மரியா கிரே என்ற அக்கா தங்கை இருவரும் வேறு சிலருமாகச் சேர்ந்து, பங்கு விற்றுப் பணம் திரட்டிப் பெண்களுக்குப் பகல் பள்ளிகள் நடத்த ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் பல பெண்கள் பள்ளிகளை நடத்தும் இன்றைய ஜிடிஎஸ்டி அறக்கட்டளை. இந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வர 1918 ஆயிற்று. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னாலேயே பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கு பார்த்த பெண்கள் இவர்கள். எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு, மறைப்பானேன்.

சரி, இப்போதைய குழுவுக்கு வருகிறேன். நான் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும் முன்பே அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் அதன் பெயரைத் தட்டிவிட்டேன். டிரஸ்டிகளின் பெயர்கள், ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் போட்டாக வேண்டும். தாமதித்தால் அதுவும் அங்கேயே தெரியும். ஃபீஸ் வருமானத்தில் பர்சரிக்கு, அதாவது வசதியில்லாத பிள்ளைகளுக்கான உதவிக்கு, எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியர்கள் எத்தனை பேர் என்று பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். அப்புறம் கடைசிப் பக்கங்களில், டிரஸ்டிகளோடு தொடர்புடையவர்களுக்குப் பள்ளி பணம் ஏதும் கொடுத்ததா என்ற குறிப்பு. எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அதுதான். எங்கள் பள்ளிக் கணக்கில், ஜிம் கூரை வேலைக்காக சர்வேயர் கவர்னரின் பழைய நிறுவனத்துக்கு ஒரு சிறு தொகை போயிருந்தது. அதை அவர்களே எழுதி, அந்த முடிவெடுத்தபோது அவர் அறையை விட்டு வெளியே இருந்தார் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பதிவுக் கட்டணம் கட்டினேன் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். உண்மை அதுதான்.

பண விஷயத்தில் இவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 2024 ஜூலை இறுதியில் அரசாங்கம் அறிவித்தது: 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளி ஃபீஸுக்கு 20 சதவீதம் வாட். கல்வியாண்டின் நடுவில். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று யாரும் தூங்கவில்லை. தோழிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தேன். வருத்தம் தெரிவித்து, அரசாங்கத்தைக் குறை சொல்லி, 20 சதவீதத்தை அப்படியே பில்லில் ஏற்றிய கடிதங்கள். எங்கள் கவர்னர்களின் கடிதம் இரண்டு பக்கம், அதில் ஒரு அட்டவணை. வாட் வசூலிக்கும் பள்ளி, தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டும் வாட்டைத் திரும்பப் பெறலாம். அதனால் மிச்சமாகும் தொகையை ஃபீஸில் கழித்திருக்கிறோம், கணக்கு இதோ என்று போட்டிருந்தார்கள்.

நான் விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய அறிவியல் கட்டடத்துக்குக் கட்டிய வாட்டிலும் ஒரு பங்கு திரும்ப வருமே, இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேலான கட்டடங்களுக்குப் பத்தாண்டு வரை அந்த வழி உண்டே, அது எங்கே என்று பள்ளியின் நிதி நிர்வாகியான பர்சருக்கு எழுதினேன். பதில் பர்சரிடமிருந்து வரவில்லை. நிதிக் குழுவுக்குத் தலைவரான வங்கிக்கார கவர்னரே மாலையில் போன் செய்தார். "கேட்ட முதல் பெற்றோர் நீங்கள்தான்" என்றார். அந்தத் தொகையை அடுத்த ஆண்டு உயர்வில் கழிப்பதாகச் சொன்னார். கழித்தார்கள். அதற்குள் 2025 ஏப்ரல் வந்து, அறக்கட்டளைப் பள்ளிகளுக்கு இருந்த 80 சதவீத உள்ளாட்சி வரிச் சலுகையும் போய், ஊழியர்களுக்காகப் பள்ளி கட்டும் தேசியக் காப்பீடும் 13.8-லிருந்து 15 சதவீதமாகி, கழித்தது கண்ணில் தெரியாமல் போனது என்பது அவர்கள் தப்பில்லை.

இனிமேல் புகார். வாட் அறிவிப்பு வந்த வருடத்து அக்டோபரில் பர்சர் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: ஜனவரி முதல் பள்ளிப் பேருந்து எங்கள் பக்கம் வராது. லண்டனின் ஹாரோ சுற்றுவட்டாரத்தில் கடைசி இரண்டு நிறுத்தங்களையும் எடுத்துவிட்டார்கள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த நினைத்தால் நான் ஒரு முழு டர்ம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தவறினால் அந்த டர்ம் ஃபீஸைக் கட்ட வேண்டும். பேருந்தை நிறுத்த அவர்களுக்குச் சில வாரம் போதும். இந்த அநியாயத்தை எழுதிக் கேட்டேன். பர்சர், வழித்தடத்தில் நஷ்டம் என்றார். தலைமையாசிரியை, நிதிக் குழு முடிவெடுத்துவிட்டது என்றார்.

பலருக்குத் தெரியாத விஷயம், இங்கே மூன்றாவது படி ஒன்று இருக்கிறது. 2014-இன் தனியார் பள்ளி விதிகளின்படி, புகார் அங்கேயும் தீராவிட்டால், சம்பந்தப்படாத மூன்று பேராவது உட்கார்ந்து நேரில் விசாரிக்க வேண்டும். அதில் ஒருவர் பள்ளி நிர்வாகத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாளாக இருக்க வேண்டும். நாம் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். என் கணவரை வேண்டாம் என்றேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் குஜராத்திப் பாட்டி வந்தார். அவர் பேத்திக்கும் அதே பேருந்துதான்.

டிசம்பர் மாலை, பள்ளி நூலகம். மருத்துவர் கவர்னர், பாதிரியார் கவர்னர், வேறொரு ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மையார். ஓரத்தில் குறிப்பெடுக்க ஒரு கிளார்க். பாதிரியார் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி அதிகம் பேசாமல் இருந்தார். மருத்துவர் எங்கள் கடிதத்தை அச்செடுத்து, பேருந்து நேரங்களின் மேல் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். மாற்று வழியாகப் பர்சர் சொன்ன ரயில் மாறும் இடத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் தனியாக எவ்வளவு நேரம் நிற்பாள் என்று கேட்டார். ஒன்பது நிமிடம், ஆப்பில் அப்படித்தான் காட்டுகிறது என்றார் பர்சர். "காலை ஏழு மணிக்கு நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்களா?" அதற்குப் பதில் இல்லை. குஜராத்திப் பாட்டி, "நான் நின்றிருக்கிறேன்" என்றார், யாரும் கேட்காமலே.

வெளியிலிருந்து வந்த அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடிவெடுத்த கூட்டத்துக்குத் தந்த காகிதங்களில், அந்த நிறுத்தங்களில் ஏறும் பிள்ளைகளின் வயது எங்காவது இருக்கிறதா? கிளார்க் கோப்பை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். டீசல் செலவு இருந்தது, டிரைவர் சம்பளம் இருந்தது, இருக்கைக்கு எவ்வளவு நஷ்டம் என்பது பென்ஸ் வரை இருந்தது. வயது இல்லை.

இந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான். கையில் கொடுக்கும் காகிதத்தை இவர்கள் நேர்மையாகப் படிக்கிறார்கள், காசுக்குக் காசு பார்க்கிறார்கள். ஆனால் காகிதத்தை எழுதுபவர் பர்சர். அவர் எழுதாத எதுவும் கூட்டத்துக்குள் வருவதில்லை. மாதம் ஒரு தடவை யாராவது ஒரு கவர்னர் பேருந்தில் ஏறி வந்தாலே போதும், இந்தப் புகார் பிறந்தே இருக்காது. டர்முக்கு ஒரு முறை வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும் ஒரே கவர்னர் அந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்தான் என்கிறாள் என் மகள். "அவருக்கு மட்டும்தான் எங்கள் பெயர் தெரியும்."

ஆசிரியர் ஓய்வூதியத்திலும் இதே கோளாறு. அரசின் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 2024 ஏப்ரல் முதல் பள்ளி கட்ட வேண்டியது சம்பளத்தில் 28.68 சதவீதம். கட்டுப்படியாகாது என்று பல தனியார் பள்ளிகள் வெளியேறிவிட்டன, எங்களுடையதும்தான். கணக்கு சரி. ஆனால் 2022 பிப்ரவரியில் இதே பிரச்சினைக்காக ஜிடிஎஸ்டி பள்ளிகளின் ஆசிரியர்கள், அந்த அமைப்பின் 149 ஆண்டு வரலாற்றிலேயே முதல்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் அப்போது வேலையிலிருந்தவர்கள் பழைய திட்டத்திலேயே தொடரலாம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. அதைப் பார்த்தாவது எங்கள் ஆட்கள் பக்குவமாக நடந்திருக்கலாம். மகளின் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதுப் பொதுத்தேர்வு) வருடத்தில் அருமையான கணக்கு டீச்சர் ஒருவர் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டார். அதற்கு நான் அரை மதிப்பெண் குறைத்தேன், கூட்டிக் கொடுப்பதாயில்லை.

இன்னொன்று. அரசுப் பள்ளிகளின் குழுவில் பெற்றோர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருந்தாக வேண்டும். தனியாரில் அப்படிச் சட்டம் இல்லை. எங்கள் குழுவில் பெற்றோர் என்று ஒருவர் இருக்கிறார். குழுவே அழைத்துக்கொண்டவர், அவர் மகள் பள்ளியை முடித்து எப்போதோ போய்விட்டாள். என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நம் பக்கத்து முகம். கவர்னர் புகைப்படங்களில் ஒரே ஒரு முகம், அந்த ஐடிக்காரர். திறமைக்குப் பஞ்சமா? எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே மூன்று ஆடிட்டர்கள் இருக்கிறார்கள்.

ஆய்வறிக்கையை வைத்து இதையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து, தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ அமைப்பின் ஆய்வாளர்கள் ஒற்றை வார்த்தையில் மொத்தத் தரம் போடுவதில்லை. நிர்வாகம் பற்றிய பகுதி முதலில் வரும், விதிகள் நிறைவேறியுள்ளன என்று இருக்கும், அவ்வளவுதான். அதைவிட, பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் ஓபன் டேயில் நேராகப் போய்க் கேளுங்கள். கவர்னர் யாராவது இன்று வந்திருக்கிறாரா? இவர்களில் வகுப்பில் பாடம் நடத்தியவர்கள் எத்தனை பேர்? ஒன்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர் யார்? போன வருடம் முறைப்படி பதிவான புகார்கள் எத்தனை? கடைசிக் கேள்விக்கு எண்ணிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும், விதி அப்படி. முகம் சுளித்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

எங்கள் விசாரணையின் முடிவு கிறிஸ்துமஸுக்கு முன் தபாலில் வந்தது. புகாரில் ஒரு பகுதி நியாயம் என்றார்கள். பேருந்து கோடை விடுமுறை வரை ஓடும், இனிமேல் வழித்தடத்தை மாற்றினால் ஒரு முழு டர்ம் முன்னதாகச் சொல்லப்படும் என்றும் இருந்தது. செப்டம்பரில் இரண்டு நிறுத்தங்களையும் ஒன்றாக்கினார்கள். பெட்ரோல் பங்க் எதிரே, ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னால். பேருந்துக் கட்டணம் ஏறிவிட்டது.