விருந்துக்கு எந்தத் தட்டு: வாழையிலையா, கரும்புச்சக்கையா, எவர்சில்வரா?

மொரிசியஸில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம், கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றுக்கான தடை 2021 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தபின், வீட்டுப் பூசைகளிலும் சிறிய கோயில் விருந்துகளிலும் சோறு பரிமாறுவோருக்கு மூன்று வழிகள் எஞ்சின: வாழையிலை, கரும்புச்சக்கைத் தட்டு, எவர்சில்வர் தட்டு. எங்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்து உறவினரும் பணம் சேர்த்து எவர்சில்வர் தட்டுகளை வாங்கிப் பொதுவில் வைத்திருக்கிறோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வாழையிலையின் சிறப்பைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு கறிச் சாப்பாட்டை இலையில் உண்பதே முறை என்று கருதும் பெரியவர்களோடு நான் வாதிடுவதுமில்லை. தொல்லை பருவத்தால் வருகிறது. தைப்பூசக் காவடி, சூறாவளிக் காலத்தின் நடுவில் வரும் விழா. 2024இல் பெலால் சூறாவளி ஜனவரி 15 அன்று தீவைத் தாக்கிப் போர்ட் லூயிஸை வெள்ளக்காடாக்கியது. தைப்பூசமோ ஜனவரி 25. பலத்த காற்றில் முதலில் நார்நாராகக் கிழிவது வாழையிலைதான் என்பதால், அத்தகைய ஆண்டுகளில் முழு இலை தேடி அலைய நேரிடும். கொல்லையில் பத்து வாழை வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான்.

கரும்புச்சக்கைத் தட்டு பார்வைக்கு நம் ஊர்ப் பொருளாகத் தோன்றும். ஆனால் இத்தீவின் சக்கை பெரும்பாலும் ஆலைகளிலேயே எரிக்கப்பட்டு நீராவியாகவும் மின்சாரமாகவும் மாறுகிறது. கடையில் வாங்கும் தட்டு பக்கத்து வயலிலிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய வார்ப்புத் தட்டுகளில் குழம்பும் எண்ணெயும் ஊறாமலிருக்கப் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. காகிதத்தாலும் அட்டையாலும் ஆன உணவுப் பொதிகளில் அவற்றைப் பயன்படுத்த டென்மார்க் 2020இல் தடை விதித்தது. அவை சேர்க்கப்படாத தட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன; வாங்குவோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இலைக்கும் சக்கைக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: உண்டு முடித்தபின் அவை எங்கே போகின்றன? எருக்குழி உள்ள வீட்டில் இலை சில வாரங்களில் மக்கிவிடும். சக்கைத் தட்டையும் கிழித்து ஈரப்படுத்திப் போட்டால் மக்கும். குழி இல்லையென்றால் இரண்டும் குப்பைப் பையில் ஏறித் தீவின் தெற்கே 1997 முதல் இயங்கும் மார் ஷிக்கோஸ் குப்பைக் கிடங்கிற்கே செல்கின்றன. அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் மக்கும் பொருள் மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இந்த ஒரு கணக்கே எங்களை எவர்சில்வர் பக்கம் திருப்பியது.

ஆனால் எவர்சில்வர் என்று முடிவெடுத்ததும் முழுச் சுமையும் பராமரிப்பின் மீது இறங்குகிறது. இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. விரத விருந்துக்கான தட்டில் மீனோ இறைச்சியோ பட்டிருக்கக் கூடாதென்பதால், வீட்டிற்கு வீடு இரவல் வாங்காமல் தனித் தொகுதியே வேண்டும். தட்டுகள் கலந்துவிடாதபடி விளிம்பில் எழுத்துப் பொறித்து வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய வேலை கழுவுவது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிந்தன் பூசை நடக்கும் காலம், ஆண்டிலேயே மழை மிகக் குறைந்த அக்டோபரை ஒட்டி வருகிறது. குழாய்த் தண்ணீர் எந்நேரமும் வருமென்று நம்பியிருக்க முடியாது. ஓடும் குழாயின் கீழ் ஒவ்வொரு தட்டாகத் தேய்த்தால் விருந்து முடிவதற்குள் தொட்டி வற்றிவிடும். அதனால் எச்சிலை முதலில் வழித்துக் கொட்டிவிட்டு, சோப்புநீர், நல்ல தண்ணீர், கடைசியில் வெந்நீர் என மூன்று அண்டாக்களில் வரிசையாக முக்கி எடுக்கிறோம். முதல் அண்டா எண்ணெய்ப் பிசுக்கேறியதும் அதை மட்டும் மாற்றினால் போதும். கழுவிய தட்டை ஈரத்தோடு அடுக்கினால் வாடை பிடிக்கும். குளிரும் தூறலும் மிகுந்த கியூர்பிப் பக்கம் வெயிலை நம்பாமல் துணியால் துடைத்துவிடுவதே மேல்.

இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதில்தான் ஏற்பாடு நிலைப்பதும் கைவிடப்படுவதும் இருக்கிறது. பரிமாறி ஓய்ந்த பெண்களே கழுவவும் வேண்டும் என்றால், அடுத்த பூசைக்கு அவர்கள் சக்கைத் தட்டு வாங்கிவரச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் தவறுமில்லை. உண்டவர் தம் தட்டைத் தாமே முதல் அண்டாவரை கொண்டுவந்து வழித்துப் போடுவது, மற்ற இரண்டு அண்டாக்களையும் இளைஞர்கள் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் எங்களுக்கு இதுவரை ஓடுகிறது. முதியவர்கள் தொடக்கத்தில் முகம் சுளித்தனர். மாமா ஒருவர் இன்றும் தமக்கு மட்டும் இலை கேட்பார், நாங்களும் போடுகிறோம்.

விலையில் எவர்சில்வரே முதலில் வலிக்கும். ஆயினும் ஒடுங்கினாலும் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தலாம். பழையதானாலும் உலோகமாக உருக்கி மீண்டும் பயன்படுத்தக்கூடியது.

ஐம்பது, அறுபது பேர் உண்ணும் விருந்துவரையில்தான் எங்களுக்கு அனுபவம். காவடி நாளில் நூற்றுக்கணக்கானோர் வரும் பெரிய கோயிலில் இந்த அண்டா முறை தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே இலை போட்டு, அந்த இலைகளைத் தனியே சேர்த்துத் தோட்டக்காரரின் எருக்குழிக்கு அனுப்புவதே நடக்கக்கூடியது என்று தோன்றுகிறது. அப்படிச் செய்வதானால் இலையோடு காகிதக் கைத்துடைப்பானோ தயிர்க் கிண்ணமோ கலக்காமல் பார்க்க ஓர் ஆளைப் பந்தியிலேயே நிறுத்த வேண்டும்.