கிட்டைத் தாண்டி பீர் காய்ச்ச: ஜான் பாமரின் ‘ஹௌ டு ப்ரூ’

கிட் வாங்கி நான்கு முறை பீர் காய்ச்சினேன், நான்கிலும் பிளாஸ்திரி வாசனை. டப்பாவில் மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) பாகு, மூடிக்கடியில் ஈஸ்ட் பொட்டலம், ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான் கிட். சீட்டில் சொன்னபடியே செய்தேன், பாத்திரத்தை இரண்டு தடவை கிருமிநாசினி விட்டு அலசினேன், அப்படியும் போகவில்லை.

காரணத்தை இந்தப் புத்தகத்தில்தான் பிடித்தேன். குழாய்த் தண்ணீர்! நான் இருக்கும் அமெரிக்க ஊரில் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமின் கலக்கிறார்கள், கொதிக்க வைத்தாலும் அது லேசில் போகாது, பீரிலுள்ள ஃபீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்து அந்த வாசனையைக் கிளப்பிவிடும். குளோரமினை முறிக்கக் கேம்டன் என்ற சல்பைட் மாத்திரை இருக்கிறது, ஒன்று 20 காலன் தண்ணீருக்குப் போதும். நான் காய்ச்சுவது 5 காலன், அதாவது 19 லிட்டர், அதனால் கால் மாத்திரையை நுணுக்கிப் போட்டேன். ஐந்தாவது பீரில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை மட்டும்தான் இருந்தது, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாமர் உலோகவியல் படித்த பொறியாளர், எதைச் சொன்னாலும் ஏன் என்று விளக்காமல் விடுவதில்லை. மால்ட்டை 65 டிகிரி செல்சியஸில் ஊறவைத்தால் பீர் இனிப்புக் குறைந்து லேசாக வரும், 69 என்றால் நாக்கில் கனமாக நிற்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்று சூடு ஏறினால் சீக்கிரம் செயலிழந்துவிடுவதுதான் காரணம். இது புரிந்த பிறகு அடுத்தவர் செய்முறையை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டியதில்லை, நம் ருசிக்கு நாமே மாற்றிக்கொள்ளலாம்.

முதல் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ருசி பார்க்க அது சரி. ஆனால் காசு கொடுத்து 2017இல் வந்த நான்காம் பதிப்பையே வாங்குங்கள். பழையதில் பீரைப் பாதியில் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லியிருப்பார், சாதாரண ஏல் வகை பீர்களுக்கு அது தேவையில்லை என்று பின்னால் அவரே மாற்றிக்கொண்டார். மாற்றும்போது காற்றுப் பட்டுக் கெடுவதுதான் மிச்சம்.

குறை என்றால் தண்ணீர் வேதியியல் பகுதி. கால்சியம், பைகார்பனேட், பிஎச் என்று கணக்கு மேல் கணக்கு, எனக்குத் தலை சுற்றியது. முதல் வாசிப்பில் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஈஸ்ட், நொதிக்கும் வெப்பநிலை பற்றிய பக்கங்களை இரண்டு தடவை படியுங்கள். அப்புறம் ஒருமுறை பாகு இல்லாமல் முழுத் தானியத்தில் காய்ச்சிவிட்டுத் தண்ணீர்ப் பகுதிக்கு வாருங்கள், எனக்கு அப்போதுதான் அது புரிய ஆரம்பித்தது.