பிட்ச்காம்: கேட்சரின் விரல்கள் ஓய்ந்த பிறகு

பேஸ்பால் மைதானத்தில் பந்தை வீசும் பிட்சர் நிற்கும் பலகைக்கும், பேட்டர் அதை எதிர்கொள்ளும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். வரப்போவது ஃபாஸ்ட்பாலா, வேகம் குறைந்த சேஞ்சப்பா என்று பேட்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிட்சரின் திறமையில் பெரும்பகுதி அங்கேயே வீணாகிவிடும். அதனால்தான், எந்தப் பந்தை எந்த இடத்தில் வீச வேண்டும் என்று, பிளேட்டுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் பிட்சருக்குச் சொல்லும் செய்தி, தலைமுறை தலைமுறையாக, குந்தி அமர்ந்திருக்கும் கேட்சரின் தொடைகளுக்கு நடுவே மறைத்துக் காட்டப்படும் விரல்களின் வழியாகவே சென்றுகொண்டிருந்தது. அந்த விரல்களுக்கு மாற்றாக 2022 ஏப்ரலில் வட அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பால் அனுமதித்த மின்னணுக் கருவிதான் பிட்ச்காம்.

நான் இதை அணிந்து ஆடியவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்முறை ஆட்டங்களையும் கல்லூரி ஆட்டங்களையும், பெரும்பாலும் கேட்சர்மீதே கண் வைத்து, அக்கருவி வந்த நாள்முதல் தொடர்ந்து பார்த்து வருகிறேன். என் மதிப்பீடு முழுவதும் அது ஆட்டத்துக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

கருவியின் அமைப்பு எளிமையானது. கேட்சர் மணிக்கட்டிலோ கால் கவசத்திலோ ஒன்பது பொத்தான்கள் கொண்ட ஒரு பலகையை அணிந்துகொள்கிறார். முதலில் பந்தின் வகைக்கு ஒரு பொத்தான், அடுத்து அது போக வேண்டிய இடத்துக்கு ஒரு பொத்தான் என அழுத்தினால், பிட்சரின் தொப்பிக்குள் பொருத்தப்பட்ட மெல்லிய பட்டையிலிருந்து பதிவு செய்யப்பட்ட குரல் அதை அவர் காதருகே சொல்கிறது. செய்தி குறியாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. குரல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பானிய மொழியிலும் பிற மொழிகளிலும் அணிகள் தங்களுக்கு வேண்டிய சொற்களைப் பதிந்துகொள்ளலாம். டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அணியில் ஆடும் லீகில் இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

இப்படியொரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு பிட்சருக்குப் பின்னால் உள்ள இரண்டாம் பேஸில் நிற்கும், பேட்டரின் அணியைச் சேர்ந்த ரன்னரை நினைத்துப் பார்த்தால் போதும். அவர் கேட்சரை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கிறார். விரல்கள் அவருக்கும் தெரியும். ஆகவே ரன்னர் அங்கே வந்தவுடன் கேட்சர்கள் ஒரு சைகைக்குப் பதிலாக நான்கைந்து சைகைகளைக் காட்டி, அவற்றுள் எது உண்மையானது என்பதை அவுட்களின் எண்ணிக்கையையோ வேறொரு முன்னேற்பாட்டையோ கொண்டு பிட்சர் கண்டுபிடிக்கும்படி வைத்திருந்தார்கள். களத்தில் நிற்கும் ஒருவர் தன் கண்ணாலும் மூளையாலும் இதை உடைத்தால் அது ஆட்டத்தின் ஓர் அங்கம் என்றே ஏற்கப்பட்டு வந்தது. கேமரா நுழைந்தபோது நிலைமை மாறியது. 2017இல் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, பிட்சருக்குப் பின்னால், மைதானத்தின் கோடியில் உள்ள சென்டர்ஃபீல்டு கேமராவின் படத்தை, அணியினர் அமரும் டக்அவுட்டுக்கு அருகில் பார்த்துச் சைகைகளைப் படித்து, குப்பைத் தொட்டியைத் தட்டிப் பேட்டருக்குத் தகவல் சொன்னது. 2020 ஜனவரியில் அந்த அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதமும், இரண்டு ஆண்டுகளுக்கு, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் இரு சுற்றுத் தேர்வுகளை இழக்கும் தண்டனையும் விதிக்கப்பட்டன. அந்தக் காயத்துக்குக் கிடைத்த மருந்தாகவே பிட்ச்காமைப் பார்க்கிறேன். விரலே காட்டப்படாதபோது கேமரா படிப்பதற்கு எதுவும் இல்லை.

எதிர்பார்த்ததைவிடப் பெரிய பயன் ஒன்று 2023இல் தெரியவந்தது. அந்த ஆண்டு, பிட்சர் பந்தை வீசத் தொடங்குவதற்குக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் நடைமுறைக்கு வந்தது: பேஸ்கள் காலியாக இருந்தால் 15 நொடி, ரன்னர் இருந்தால் 20 நொடி, பின்னது அடுத்த ஆண்டு 18 நொடியாகக் குறைக்கப்பட்டது. ரன்னர் இருக்கும்போது ஐந்து சைகைகளைக் காட்டி, பிட்சர் தலையசைத்து மறுத்து, மறுபடி ஐந்து சைகைகள் என்ற பழைய முறைக்கு அந்தக் கெடுவுக்குள் இடமே இருந்திருக்காது. பிட்ச்காமோ பிட்சர் தாம் வீசும் இடத்துக்குத் திரும்பி நடந்துவரும்போதே அடுத்த பந்தைச் சொல்லிவிடுகிறது. பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரை எதிர்பார்த்துக் கையுறையை வெளிப்புறம் வைத்த கேட்சர்மீது உள்பக்கமாக ஃபாஸ்ட்பால் பாய்ந்து விரலையோ தோளையோ காயப்படுத்தும் குழப்பமும் சைகைகள் சிக்கலானபோது நேர்வதுண்டு. தெளிவான குரலில் செய்தி செல்வது கேட்சரின் உடலுக்கும் பாதுகாப்பு. அதே 2023இல் பிட்சர்களும் பொத்தான் பலகையை அணியலாம் என்று அனுமதி வந்தபின், பிட்சராகவும் பேட்டராகவும் ஆடும் ஷோஹெய் ஓதானி தன் பந்துகளைத் தானே அழைப்பதைப் பார்க்க முடிந்தது. பல வகைப் பந்துகளை வீசும், தன் கை அன்று எப்படி இருக்கிறது என்பதை நன்கறிந்த ஒருவருக்கு அது பொருத்தமான ஏற்பாடு.

குறைகளும் உண்டு. அரங்கம் நிறைந்து கூச்சல் எழும் பிளே-ஆஃப் ஆட்டங்களில், பிட்சர் தொப்பியைக் கையுறையால் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கும் காட்சி அடிக்கடி தென்படுகிறது. கருவி பழுதானால் நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. நல்ல தாளத்தில் வீசிக்கொண்டிருந்தவருக்கு அது கலைப்பு. இன்னொன்று நுட்பமானது. தொடக்கத்திலேயே பிட்சர், கேட்சர் தவிர மேலும் மூன்று ஃபீல்டர்கள் வரை செய்தியைக் கேட்கலாம் என்று விதி இடமளித்தது. வருவது என்ன என்று தெரிந்த, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப், பந்து போகக்கூடிய பக்கம் ஓர் அடி நகர்வது பயனுள்ளதே. ஆனால் அவர் அரை நொடி முந்தி நகர்ந்தால், காதுக்குள் காத்த ரகசியம் கால்கள் வழியே கசிந்துவிடும்.

பிட்சர் மேக்ஸ் ஷெர்ஸர் 2022இல் இதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கருவி நன்றாக வேலை செய்கிறது என்றாலும் இதைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். சிக்கலான சைகை முறையை அமைப்பதும் காப்பதும் பிட்சரின் திறமைகளுள் ஒன்று என்பது அவர் வாதம். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. எனினும் கேமராக்களின் காலத்தில் அந்தத் திறமையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் அவரோடு நான் உடன்படவில்லை.

கல்லூரி பேஸ்பாலைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. மேஜர் லீக் விதியின்படி பிட்ச்காம் பலகை களத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களிடம் மட்டுமே இருக்க முடியும். டக்அவுட்டிலிருந்து பயிற்சியாளர் பொத்தானை அழுத்தக் கூடாது. கல்லூரியில் நிலைமை தலைகீழ். அங்கே நெடுங்காலமாகப் பயிற்சியாளரே பந்தை முடிவு செய்கிறார்: அவர் விரல்களால் மூன்று எண்களைக் காட்டுவார், கேட்சர் மணிக்கட்டு அட்டையில் அந்த எண்ணைத் தேடிப் படிப்பார். 2022 பருவத்திலிருந்து டக்அவுட்டிலிருந்து களத்துக்கு ஒருவழியாகச் செய்தி அனுப்பும் மின்னணுக் கருவிகளை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அனுமதித்தபோது, இந்தப் பழக்கம் இன்னும் விரைவாகவும் வசதியாகவும் ஆயிற்று. அட்டையில் தேடும் நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் கேட்சர் கட்டளையைப் பெற்றுக் கடத்துபவராகவே தேங்கிவிடுகிறார்.

இது ஏன் இழப்பு என்று சொல்கிறேன். டக்அவுட் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பந்தின் உயரம் தெரியும், அது பிளேட்டின் உள்பக்கம் சென்றதா வெளிப்பக்கம் சென்றதா என்பது சரியாகத் தெரியாது. கேட்சரோ பேட்டரின் பாதங்களிலிருந்து ஓரிரு அடி தூரத்தில் இருக்கிறார். பேட்டர் பிளேட்டை நோக்கி அரை அடி நெருங்கி நிற்பதும், ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமாக மட்டையைச் சுழற்றுவதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். ஃபாஸ்ட்பாலுக்கே தாமதிப்பவருக்குச் சேஞ்சப் வீசுவது அவருக்கு உதவி செய்வதாகும் என்ற பாடத்தை, ஒருமுறை தவறாக அழைத்து, பந்து வேலிக்கு மேல் பறப்பதைப் பார்த்தே ஓர் இளம் கேட்சர் கற்க வேண்டும். நான்கு ஆண்டுகள் பிறர் சொன்ன பந்தையே பிடித்தவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்ததும் பலகையைக் கையில் கொடுத்தால், ஒன்பது பொத்தான்களில் எதை, ஏன் அழுத்துவது என்பதை அங்கேதான் புதிதாகக் கற்கத் தொடங்குவார்.

ஆகவே என் பரிந்துரை இரண்டாகப் பிரிகிறது. தொழில்முறை அணிகளின் கையில் பிட்ச்காம் குறையற்றதல்ல என்றாலும் மிகச் சிறந்த கருவி. பழைய முறைக்குத் திரும்புமாறு நான் எவரிடமும் சொல்ல மாட்டேன். இத்தகைய கருவியை வாங்கும் கல்லூரி அணிகளோ, இலையுதிர்காலப் பயிற்சி ஆட்டங்களிலேனும் பலகையைப் பயிற்சியாளரிடமிருந்து வாங்கிக் கேட்சரின் மணிக்கட்டில் கட்ட வேண்டும். பருவம் தொடங்கிய பிறகும், முன்னிலை வலுவாக உள்ள ஆட்டங்களில் இரண்டு இன்னிங்ஸுக்கு டக்அவுட் மௌனம் காத்து, அந்த இளைஞர் தம் விரல்களைக் கொண்டே பிட்சரோடு பேச விட வேண்டும். இன்னிங்ஸ் முடிந்து அவர் வந்து அமர்ந்ததும், ஒவ்வொரு பந்தையும் ஏன் அழைத்தார் என்று பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.