கார்பனடைட் பாறையா, மணவாளக்குறிச்சி மணலா?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இத்தாலிய மார்பிள் தரையைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் படிக்கிற அக்கா மகனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். "அம்மான், ரேர் எர்த் கிடைக்கிற கார்பனடைட் பாறையிலும் மார்பிள்ல இருக்கிற அதே கால்சைட் கனிமம்தானாமே? அப்ப நம்ம வீட்டுத் தரையிலயும் ரேர் எர்த் இருக்குமா?"

இருக்காது. ரேர் எர்த் என்றால் நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறினால் மார்பிள். கார்பனடைட் அப்படியில்லை, பூமியின் ஆழத்தில் உருகி மேலே வந்த அக்னிப் பாறை. பாதிக்கு மேல் கார்பனேட் இருந்தால்தான் அந்தப் பெயர். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இரண்டுமே நுரைக்கும். கூடவே அபடைட், மேக்னடைட், பைரோகுளோர் என்று வேறு என்னென்ன கனிமங்கள் கிடக்கின்றன என்பதில்தான் குட்டு உடையும்.

சரி, அவனுடைய அடுத்த கேள்விதான் அலச வேண்டியது. மின்சார வண்டிக் காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும். தமிழ்நாட்டில் கார்பனடைட்டும் இருக்கிறது, மோனசைட் என்ற ரேர் எர்த் கனிமம் கலந்த கடற்கரை மணலும் இருக்கிறது. எதை நம்புவது?

கார்பனடைட்டின் ஜாதகம் பெரியது. சீனாவின் பயான் ஓபோ, 1949-இல் யுரேனியம் தேடப் போனவர்கள் கண்ட அமெரிக்காவின் மவுண்டன் பாஸ், எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே பல கோடி ஆண்டு மழை கார்பனேட்டைக் கரைத்துக் கொண்டுபோக, கரையாத ரேர் எர்த் மேலே செறிந்து நின்றுவிட்டது. நம் ஊர் செம்புறாங்கல்லும் இப்படி ஊறித் தேய்ந்து உருவானதுதான், ஆனால் அடியில் கார்பனடைட் இல்லையே.

நம் மாநிலத்தில் திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமல்பட்டி, அப்புறம் ஒகேனக்கல். செவ்வாத்தூர்ப் பாறைக்கு ஏறத்தாழ 80 கோடி வயது; ஒகேனக்கல்லுக்கு 240 கோடி. ஆனால் மவுண்டன் பாஸ் போலச் செறிவான பாஸ்ட்னசைட் என்ற ரேர் எர்த் கனிமம் செவ்வாத்தூரில் இல்லை. இருந்தாலும் வெடி வைத்து, உடைத்து, மாவாக அரைத்து, நுரை மிதப்பில், அதாவது வேண்டிய கனிமத்தை நீரில் நுரையோடு மிதக்கவிட்டு, பிரிக்க வேண்டும். கால்சைட்டும் பாரைட்டும் ரேர் எர்த் கனிமத்தோடு சேர்ந்தே மிதந்து தொலைக்கும்.

மணலில் இந்தப் பாடு பாதி கிடையாது. மலைப் பாறைகளை அரைத்துக் கடலில் சேர்க்கும் வேலையை ஆறுகள் முடித்துவிட்டன. 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதே மணலில் கிடக்கும் கருப்பு இல்மனைட் கனிமத்தைக் காந்தம் சட்டென்று இழுக்கும். தேன் நிற மோனசைட் மணி லேசாகத்தான் அசையும். அந்த வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம். சுத்தமான மோனசைட்டில் பாதிக்கு மேல் ரேர் எர்த் ஆக்சைடு.

வில்லங்கம் தோரியம். நம் மோனசைட்டில் அது 8 முதல் 10 சதவீதம் வரும், கதிரியக்கம் உள்ளது. அதனால் மோனசைட் அணுசக்தித் துறையின் பிடியில் இருக்கிறது. கிள்ளியூர் பக்கம் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பதில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கரையில் குடியிருப்பவர்கள் அவர்கள்தானே.

ஆனாலும் நியோடிமியத்துக்கு என் ஓட்டு மணலுக்கே. அதற்கு அப்புறமும் வேலை இருக்கிறது: ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்த தனிமங்களைக் கரைப்பானில் பிரிக்க வேண்டும், பிறகு ஆக்சைடை உருகிய ஃபுளூரைடு உப்பில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்க வேண்டும். இந்தியா சறுக்குவது இங்கேதான். மின்வேதியியல் என்றால் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் சிக்ரி இருக்கிறது. பையனிடம், "நிலவியலை விட்டு இந்தப் பக்கம் வாடா" என்றேன்.

சீனா 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்ட டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற இரண்டு ரேர் எர்த் தனிமங்களும் பாறையிலும் சொற்பம், மணலிலும் சொற்பம். அவை பெரும்பாலும் தென்சீனா, மியான்மர் களிமண்ணிலிருந்து வருகின்றன. அந்த விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போய்விடும்.

அதற்காகச் செவ்வாத்தூரை ஒதுக்க வேண்டியதில்லை. அங்குள்ள பைரோகுளோர், எஃகுக்கு உரமேற்றும் நியோபியத்தின் தாது. அபடைட் பாஸ்பேட் தரும். மாடித்தோட்டத் தொட்டியில் போடுகிற வெர்மிகுலைட்டும் அங்கே கிடைக்கிறது. அபிரக ஏடு போன்ற அந்தக் கனிமத்தைச் சூடாக்கினால் பொரி மாதிரிப் பொங்கும்.