பாண்ட்கேம்ப்பில் பாட்டு வாங்குவது: கொழும்பிலிருந்து ஒரு நீண்டநாள் பாவனையாளரின் அனுபவம்

பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்று சொன்னால் இப்போது எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். அண்ணாவின் மகன் நேரடியாகவே கேட்டுவிட்டான்: "சும்மா யூடியூப்பில கிடக்கிறதுக்கு ஏன் சித்தப்பா காசு குடுக்கிறீங்கள்?" நியாயமான கேள்விதான். 2021 இல், இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பொட்டிபையும் இலங்கைக்கு வந்த பிறகு அந்தக் கேள்விக்கு இன்னும் வலுக் கூடிவிட்டது. என் பதில் சின்னது. எனக்குக் கோப்பு வேண்டும். மாதக் கட்டணத்தை நிறுத்தினாலும், கம்பனிக்கும் கம்பனிக்கும் ஒப்பந்தம் முறிந்தாலும், பாட்டு என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கவேண்டும். அதற்கு நான் பார்த்தவற்றில் வசதியானது பாண்ட்கேம்ப் என்ற இணையக் கடை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாறக்கூடாது. சினிமாப் பாட்டு தேடுபவருக்கு இந்தக் கடை சரிவராது. இளையராஜா, ரஹ்மான் படப் பாடல்களின் உரிமை பெரும்பாலும் இசைக் கம்பனிகளிடம் இருக்கிறது. அவை இங்கே விற்பதில்லை. யாராவது ஏற்றியிருந்தால் அது அனேகமாக உரிமை இல்லாத சரக்கு. இங்கே கிடைப்பது தனிக் கலைஞர்களும் சின்ன லேபிள்களும் (இசை வெளியிடும் நிறுவனங்கள்) தாங்களே ஏற்றிய இசை. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் ராப், வீட்டு அறையில் பதிவு செய்த கிட்டார், ஜாஸ், அம்பியன்ட், வீணையை வைத்துச் செய்யும் பரிசோதனைகள், கொழும்பு மெட்டல் குழுக்கள் என்று போகும். கர்நாடக இசையும் உண்டு, ஆனால் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் வருவதில் பாதி வெளிநாட்டுக்காரரின் கலவை இசை. சிலது நன்றாக இருக்கும். சிலதைக் கேட்டால் பாவமாக இருக்கும். தமிழ்ப் பெயர்களை ஆளாளுக்கு ஒரு மாதிரி ஆங்கில எழுத்தில் போட்டு வைத்திருப்பதால் தேடலிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு ராகத்தின் பெயரையே மூன்று விதமாக அடித்துப் பார்க்கவேண்டி வரும்.

வாங்கும் முறை சுலபம். இணையத்தில் அல்பத்தை முதலில் கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்கும்போது ஒலி 128 கிலோபிட் எம்பி3 என்ற சற்றுக் குறைந்த தரத்தில்தான் வரும். பிடித்தால் விலைப் பெட்டி. இந்த விலைப் பெட்டியை நான் ரசிக்கிறேன். பல அல்பங்களில் கலைஞர் குறைந்தபட்ச விலை ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் நீ விரும்பியதைக் கொடு என்று விட்டிருப்பார். சிலர் பூச்சியத்தையே குறைந்தபட்சமாக வைத்திருப்பார்கள், அதாவது இலவசமாகவே எடுக்கலாம். வெற்றுப் பெட்டி முன்னால் இருந்துகொண்டு மனச்சாட்சியோடு பேரம் பேசுவது ஒரு தனி அனுபவம். புறக்கோட்டைச் சந்தையில் பேரம் பேசிச் சாமான் வாங்கி வளர்ந்தவனுக்கு விலையைத் தானே கூட்டிச் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

சிக்கல் எல்லாம் அடுத்த படியில், காசு கட்டும் இடத்தில். விலை டொலரிலோ பவுண்ஸிலோ யூரோவிலோ இருக்கும், கலைஞர் எதில் வைத்தாரோ அதில். ரூபாய் கிடையாது. கடனட்டை, டெபிட் கார்ட், பேபால் (இணையத்தில் காசு அனுப்பும் சேவை) மூன்றிலும் கட்டலாம். முதல் தடவை என் அட்டை மறுக்கப்பட்டது. இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு வங்கிக்கு அழைத்தேன். நல்ல நேரம் காத்திருக்க வைத்துவிட்டு ஒரு பிள்ளை சொன்னார்: "சேர், உங்கட கார்ட்ல வெளிநாட்டு ஒன்லைன் பேமன்ட் ஓஃப்ல இருக்கு." அதை யார் ஓஃப் பண்ணியது என்று கேட்டதற்கு, பாதுகாப்புக்காக எல்லோருக்கும் அப்படித்தானாம். சரி, அட்டை கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் முயற்சி செய்வதென்றால் முதலில் வங்கியின் செயலியைத் திறந்து அந்த அனுமதியைப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

அடுத்தது, திரையில் தெரியும் விலையும் மாத முடிவில் அட்டைக் கணக்கில் வரும் விலையும் ஒன்றாக இராது. வங்கி தன் சொந்த மாற்று விகிதத்தில் ரூபாயாக்கும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு முத்திரை வரியும் சேரும். 2022 இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 வரை போய்விட்டது. 7 டொலர் அல்பம் ஏறத்தாழ 1400 ரூபாயிலிருந்து 2500 ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்தில் நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து டொலரில் பாட்டு வாங்க மனமும் வரவில்லை, அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி இடமும் தரவில்லை. ஆனால் ஒன்று. அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாளில், ரூட்டரும் செத்துக் கிடந்தபோது, முன்பு இறக்கி வைத்த அல்பங்கள் போனில் ஒரு குறையும் இல்லாமல் பாடின. அண்ணாவின் மகன் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கட்டி முடித்தவுடன் தரவிறக்கப் பக்கம் வரும். கோப்பு வகையை நாமே தெரிவு செய்யலாம்: எம்பி3 இரண்டு விதம், ஃப்ளாக், ஆப்பிள் லொஸ்லெஸ், ஏஏசி, ஓக் வோர்பிஸ், வேவ், ஏஐஎஃப்எஃப். கடையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன், ஏனென்றால் ஒருதடவை வாங்கினால் போதும். இன்று எம்பி3 எடுத்துவிட்டு அடுத்த வருடம் வந்து அதே அல்பத்தை ஃப்ளாக்கில் எடுக்கலாம், மேலதிகக் காசு இல்லை. கோப்பில் பூட்டும் இல்லை. எந்தக் கருவியிலும் போடலாம், எத்தனை பிரதியும் வைக்கலாம்.

எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. சுருக்காத சிடி தரத்து வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் (எம்பி) பிடிக்கும். 45 நிமிட அல்பம் 450 எம்பி. அதையே 320 கிலோபிட் எம்பி3 ஆக எடுத்தால் 110 எம்பி போதும், ஆனால் காதுக்கு அதிகம் கேட்காது என்று கருதிய பகுதிகள் வெட்டப்பட்டிருக்கும். ஃப்ளாக் ஒன்றையும் வெட்டாமல் சுருக்கும். அனேகமாக வேவ் அளவில் பாதிக்குச் சற்று மேலே வரும். வீட்டில் ஃபைபர் இருந்தால் யோசிக்காமல் ஃப்ளாக் எடுங்கள். போன் டேட்டாவில் எடுப்பதென்றால் எம்பி3 எடுத்துவிட்டு, ஃப்ளாக்கைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வித்தியாசம் கேட்குமா? காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில், ஜன்னலோரத்தில் இருந்து சாதாரண ஹெட்போனில் கேட்டால் கேட்காது. வீட்டில் இரவில் நல்ல ஹெட்போனில் கேட்டாலும் எல்லா இசைக்கும் கேட்காது. ஆனால் ஒரு இடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் இருக்கும் ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவில் ஆலாபனை, தானம், பல்லவி என்ற மூன்று பகுதிகளையும் தனித்தனித் தடங்களாக வெட்டியிருக்கிறார்கள். எம்பி3 இல், சில பிளேயர்களில், ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா ஒரு கண நேரம் விக்கும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெறுமை சேர்வதால் வரும் கோளாறு அது. ஃப்ளாக்கில் தம்புரா அறுபடாமல் ஓடுகிறது. அதைக் கவனித்த பிறகு கச்சேரிப் பதிவுகளை எம்பி3 இல் கேட்க என்னால் முடிவதில்லை.

கோப்புகள் ஸிப் ஆக வரும், விரித்தால் கலைஞர், அல்பம், தட எண், பாட்டு என்ற வரிசையில் பெயர்கள் ஒழுங்காக இருக்கும், அட்டைப் படமும் உள்ளே. அன்ட்ரொய்ட் போனில் ஸிப்பை விரித்து ஏதாவது ஒரு பிளேயரில் போட்டால் சரி. நான் விஎல்சி பாவிக்கிறேன். ஐபோன்காரர்கள் கொஞ்சம் அல்லாடவேண்டும், ஃப்ளாக் போலவே ஒன்றையும் வெட்டாத ஆப்பிள் லொஸ்லெஸ்ஸைக் கணினி வழியாக ஏற்றுவதுதான் தலையிடி குறைந்த வழி. கடையின் சொந்தச் செயலியிலும் வாங்கியவற்றைக் கேட்கலாம். கார் வேறு கதை. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் அந்த ஸ்டீரியோ ஃப்ளாக்கைக் கண்டுகொள்ளாமலே விடக்கூடும், தமிழ் எழுத்தில் உள்ள பாட்டுப் பெயர்களை வெறும் கட்டங்களாகக் காட்டும். அதற்கென்று எம்பி3 போட்ட ஒரு பென் டிரைவ் என் காரில் நிரந்தரமாகக் கிடக்கிறது.

காசு யாருக்குப் போகிறது என்பதற்கும் வருவோம். எங்கள் ஊரில் ரெக்கோடிங் பார் இருந்த காலத்தில், பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதி, 60 அல்லது 90 நிமிடக் கசெற்றோடு கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்குவோம். காசும் கொடுத்தோம், ஆனால் பாடியவருக்கு ஒரு சதமும் போனதில்லை. பாண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். விற்பனை 5000 டொலரைத் தாண்டும் கலைஞருக்கு அது 10 ஆகக் குறையும். கொடுப்பனவுக் கட்டணம் வேறு. சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ சேர்கிறது என்று கடையே சொல்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 20 ஆம் திகதி, தன் பங்கை எடுக்காமல் விட்டு ஒரு வெள்ளிக்கிழமையைத் தொடங்கினார்கள். அதன் பிறகும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் கொழும்பில் அது வெள்ளி மதியம் 12.30, அங்கே குளிர்கால நேரமென்றால் 1.30. மறுநாள் சனி மதியம்வரை போகும். வாங்க நினைப்பவற்றைப் பட்டியலில் சேர்த்து வைத்து அந்த நாளில் வாங்குவது என் வழக்கம். ஒரு டொலர் தனிப் பாட்டுகளாக வாங்குவதைவிட அல்பமாக வாங்குவதும் நல்லது, கொடுப்பனவுக் கட்டணத்தில் நிலையான ஒரு பகுதி இருப்பதால் சின்னத் தொகையில் அது கூடுதலான பங்கைத் தின்னும்.

இதில் எனக்கு எரிச்சல் தரும் விஷயம் நம் நாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. கலைஞர்கள் காசு பெற இந்தக் கடை முக்கியமாக நம்பியிருப்பது பேபாலை. இலங்கையிலிருந்து பேபாலில் காசு அனுப்பலாம், ஆனால் இங்குள்ள கணக்கில் பெற முடியாத நிலை வருடக் கணக்காகத் தொடர்கிறது. அதாவது வெள்ளவத்தையில் இருக்கும் நான் ஒஸ்லோவில் இருப்பவருக்கு லேசாகக் காசு அனுப்பலாம், நாலு தெரு தள்ளி இருக்கும் கலைஞருக்கு இதே கடை வழியாக அனுப்புவதென்றால் அவர் வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் கணக்கையோ வெளிநாட்டு லேபிளையோ பிடிக்கவேண்டும். தமிழ்ப் பொப்பிசை பிறந்த நாடு இது, பாடகர்கள் நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் கடல் தாண்டிக் கேட்க வைத்த நாடு. இன்று பாடும் பிள்ளை விற்க வழியில்லாமல் எல்லாவற்றையும் யூடியூப்பில் சும்மா போட்டுவிடுகிறது.

கடையின் எதிர்காலம் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியாது. 2008 இல் தொடங்கிச் சுயாதீனமாக இருந்ததை 2022 இல் வீடியோ கேம் கம்பனியான எபிக் கேம்ஸ் வாங்கியது. அடுத்த வருடமே சோங்ட்ரேடர் என்ற கம்பனிக்கு விற்றது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். இதுவரை வாங்குபவனுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை, விலைப் பெட்டி, கோப்பு வகைகள் எல்லாம் முன்புபோலத்தான். ஆனாலும் "என் தொகுப்பு பாண்ட்கேம்ப்பில் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கிய அன்றே ஃப்ளாக்கில் இறக்குகிறேன். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில். அந்த டிஸ்க்கையும் வீட்டில் வைப்பதில்லை, அண்ணா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.